கரித்தட்டில் ஐந்தாம் நாள்

தேஜோ ஆற்றங்கரை. நவம்பர்.
தொழிற்சாலையின் குளிர்விப்புக் கோபுரம்
வெள்ளையாய் மூச்சு விடுகிறது.
வெறும் ஆவிதான் என்று
ஊரோடு சேர்ந்து நானும் சொல்லியிருக்கிறேன்.

அடெலினோ ரெபெலு, ஓய்வுபெற்ற படகோட்டி,
மூன்றாம் மாடி ஜன்னலில் சாய்ந்து
ஒரு சிகரெட் பிடித்தார்.
அவர் செய்தது அவ்வளவுதான்.
அன்று காற்று திசை மாறியிருந்தது.

ஆறாம் நாள் காய்ச்சல், நாற்பது டிகிரி.
இல்லாத படகுக்குக் கயிறு கேட்டார்.
மனைவி ஒதீலியா அதே கட்டிலில் படுத்தாள்,
அவர் மிச்சம் வைத்த தம்ளரில் குடித்தாள்.
அவளுக்கு ஒன்றுமில்லை.
ஆள்விட்டு ஆள் தாவுகிற சாதியில்லை இது.
குடிக்கும் நீரை விட்டுவிடும்.
துளி உடைந்து, தூசியினும் சிறுத்து,
நாம் இழுக்கும் மூச்சுக்குக் காத்திருக்கும்.

தொட்டியில் வெப்பமானியை இறக்கினேன்.
முப்பத்தாறு.
"நம்ம உடம்புச் சூடு" என்றான் வாஷ்கு,
முகமூடிக்குள்ளிருந்து.
அறுபதைத் தாண்டினால் சாகும்,
இருபதுக்குக் கீழே முடங்கிக் கிடக்கும்.
நடுவில், நாம் இதம் என்று சொல்லும்
அத்தனை சூட்டிலும் பெருகும்.

வழக்கமான இரத்தத் தட்டில் முளைக்காது.
அதற்கென்று தனிச் சமையல்:
கரி, ஈஸ்ட், கொஞ்சம் இரும்பு,
சிஸ்டீன் இல்லையென்றால் பட்டினி கிடக்கும்.
அடைகாப்புப் பெட்டியை மூடிவிட்டு
நாட்களை எண்ணினேன்.

நீரில் அமீபா இதை விழுங்குகிறது.
செரிப்பதில்லை.
உள்ளேயே ஓர் அறை கட்டிக்கொண்டு, ஒன்று நூறாகி,
சுவரை உடைத்து வெளியேறுகிறது.
உண்ட வீட்டுக்கு இரண்டகம் பழைய கதை;
இது, தன்னை உண்ட வீட்டுக்கு.

நுரையீரலின் காவல் அணுவும் விழுங்கத்தான் செய்யும்.
லீஜியோனெல்லாவுக்கு வித்தியாசம் தெரியாது.
இதுவும் ஒரு குட்டை, இதுவும் ஓர் அமீபா.
அடெலினோவின் மேல் அதற்குப் பகையில்லை.
அடெலினோ என்று ஒருவர் இருந்ததே
அதற்குத் தெரியாது.

ஐந்தாம் நாள்.
கறுப்புத் தட்டில் சாம்பல் வெண்மையாய்ப் புள்ளிகள்.
லென்ஸில் பார்த்தால் நொறுங்கிய கண்ணாடி.
சொல்லக் கூசுகிறது, அழகாகத்தான் இருந்தன.

தொலைபேசினேன். விசிறிகள் நின்றன.
கோபுரம் மூச்சு விடாத முதல் மாலையில்
ஊர் என்னவோ போலிருந்தது.
மருத்துவமனையில் அவர் கட்டில் காலி என்றார்கள்.
எப்படிக் காலியானது என்று
நான் கேட்கவில்லை.

ஒரு வாரம் பூட்டிக் கிடந்த என் வீட்டில்
இன்று ஷவரைத் திறந்துவிட்டு
குளியலறைக்கு வெளியே நின்றேன்,
கதவைச் சாத்திக்கொண்டு,
தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரும்வரை.