வடிகட்டிய பிறகு

கசகசா என்றுதான் மிலடா நினைத்தாள்.
குடுவையின் அடியில் கறுப்பாய் ஒரு சிட்டிகை.
ஞாயிறு தவறாமல் கசகசா அப்பம் சுடுகிறவள்,
மற்ற நாளெல்லாம்
பார்துபிட்சேயின் இந்த மூன்றாம் மாடியில்
எங்கள் கண்ணாடிகளைக் கழுவுகிறவள்.
'வாயில் போட்டுவிடாதே, பல்லேடியம்' என்றேன்.
'தங்கத்தைவிட விலையா?'
சில வருடங்களில், ஆம்.

பாலிமர் மணிகள்.
கடுகு அவற்றுக்குப் பூசணிக்காய்.
உள்ளே பின்னிக் கிடக்கும் சங்கிலிகளின் இடுக்கில்
உலோகத் துகள்கள், துகளுக்குச் சில நூறு அணு.
விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு
சோம்பேறிக் கட்டியாகிவிடும்.
சங்கிலி அவற்றை ஒட்டவும் விடுவதில்லை,
ஓடவும் விடுவதில்லை.
அப்படித்தான் நான் நம்பினேன்.

எண்ணெய்ச் சுபாவமுள்ள இரண்டு பொருட்களைத்
தண்ணீரில் போட்டேன்.
தண்ணீர் முகம் கொடுக்கவில்லை.
போக்கிடமற்று இரண்டும் மணிக்குள் நுழைந்தன,
நெரிசலில் தோள் இடித்துக்கொண்டன,
உலோகம் அங்கே காத்திருந்தது.
தண்ணீர் செய்த உதவியெல்லாம்
வேண்டாம் என்று தள்ளியதுதான்.

எண்பது டிகிரி. நான்கு மணி நேரம்.
தொலுயீன் இல்லை, அந்தத் தலைவலி இல்லை.
(விளைந்ததைப் பிரித்தெடுக்க
ஒரு கரண்டி எத்தில் அசிட்டேட் வேண்டியிருந்தது.
அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.)
மணிகளை வடிகட்டு, அலசு, மறுபடி போடு.
தொண்ணூற்றேழு. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றாறு.
ஆறாவது முறையும் தொண்ணூற்றைந்து.
ரதொவான் வரைந்த கோடு
சவரம் செய்த கன்னம்போல் வழவழத்தது.

புதன்தோறும் மிலடா
நீலக் கேன்களை லிஃப்ட் வரை இழுத்துப்போவாள்,
கழிவுக் கரைப்பான், கேனுக்கு இருபது லிட்டர்.
விரல் நுனிகள் வெடித்திருக்கும்.
அந்த மாதம் நான்கு புதனுக்கும் சேர்த்து
இரண்டே கேன்.
'உங்கள் கசகசா நல்ல கசகசா' என்றாள்.

கட்டுரையைப் படித்த பெயர் தெரியாத ஒருவர்
ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்:
சூட்டோடு வடிகட்டிப் பார்த்தீர்களா?

பார்த்தேன்.
கொதி அடங்கும் முன் மணிகளை நீக்கினேன்.
பளிங்காய் நின்றது நீர்.
அதில் புதிதாக அதே இரண்டு பொருட்களைப் போட்டு
எண்பது டிகிரியில் விட்டுவிட்டு
லாபே ஆற்றோரம் நடந்து வீட்டுக்குப் போனேன்.
பாலத்தின் கீழே யாரோ தூண்டில் போட்டிருந்தார்கள்.

காலையில் பதினொரு சதவீதம்.
மணியே இல்லாத நீரில்
வேலை நடந்திருக்கிறது.
யாரோ வெளியேறியிருக்கிறார்கள்.
கண்ணுக்குத் தெரியாமல், சத்தமில்லாமல்,
சங்கிலியை அறுக்கக்கூட இல்லாமல்.

'பதினொன்றுதானே' என்றான் ரதொவான்,
'ஒரு வாக்கியத்தில் பூசி மெழுகிவிடலாம்.'
மெழுகியிருப்பேனோ என்னவோ.
கைகழுவும் தொட்டியருகே நின்ற மிலடாவிடம்
வேறெதற்கோ கேட்பதுபோல் கேட்டேன்:
அந்த ஆறு முறையும்
வடிநீரை எங்கே ஊற்றினோம்?

'இதோ, இதில்தான்' என்றாள்.
'வெறும் தண்ணீர்தானே என்று
நீங்கள்தான் சொன்னீர்கள், வெண்டுலா.'

தொட்டியின் வாய் திறந்தே இருந்தது.
மில்லிகிராமில் சிறு பங்குதான், கணக்குப் போட்டேன்.
மறுபடியும் போட்டேன்.
எண் மாறவில்லை,
தூண்டில்காரரும் மனதை விட்டுப் போகவில்லை.

வரைபடத்தின் கீழே இன்னொரு கோடு வரைந்தோம்,
கரடுமுரடாக, கீழ்நோக்கி.
சங்கிலியில் கந்தகம் கோத்துப் பார்க்கலாமா
என்று ரதொவான் கேட்டான்.
இறுகப் பிடிக்கும்தான்;
இறுகப் பிடித்த உலோகம் வேலை செய்யுமா?
தெரியவில்லை. திங்கள்கிழமை தெரியும்.

புதன் வந்தது.
அலமாரியிலிருந்து காலிக் கேன் ஒன்றை எடுத்து
அந்த வாரத்து வடிநீரை மிலடா சேகரித்திருந்தாள்.
சீட்டில் தன் கோணல் எழுத்தில்
'தண்ணீர்' என்று எழுதி,
கொஞ்சம் யோசித்து,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.
பிறகு குனிந்து அதை
லிஃப்ட் வரை இழுத்துப்போனாள்.