ஏழு பம்பு

சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.
சிங்காநல்லூர் ஆலயத்தில், இரண்டாம் ஆராதனை முடிந்து
பிரியாணிப் பொட்டலம் வந்து இறங்குமுன்
மிச்சமிருந்த பத்து நிமிடம்.

இவர் எழுந்து நின்றார்.
நாற்பது வருஷம் கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டிய விரல்கள்
மைக்கை ஸ்பேனர்போலப் பிடித்தன.
'எத்தனை ஆத்துமாக்கள், அண்ணா?'
ஆயர் கேட்டார், சிரித்த முகமாக.
'ஏழு பம்புங்க.
அதுல ஒண்ணு ஓடலைங்க.'
உட்கார்ந்துவிட்டார்.

மீதி ஒன்பதரை நிமிடம்
என் தலையில் விழுந்தது.

என்னத்தைச் சொல்ல.
தொழில் என்ற கட்டத்தில்
இவருக்கு மெக்கானிக் என்றும்
எனக்கு மனைவி என்றும் எழுதி அனுப்பியவர்கள்
முன்வரிசையில்தான் இருந்தார்கள்.
அறுபத்து மூன்று வயதில்
பதினெட்டு மாதச் சர்க்கரை மாத்திரையை
பாவாடைகளுக்கு நடுவில் அடுக்கிக்கொண்டு
ஊசி போட்ட கை வீங்க
விமானம் ஏறிய கதையைச் சொன்னேன்.
சிரித்தார்கள்.

மலாவியில் பெரிய மனுசரைப் 'பம்போ' என்பார்கள்.
முதல் வாரம் யார் கூப்பிட்டாலும்
இவர் டூல்ஸ் பையோடு ஓடினார்,
எந்தப் பம்பு, எந்தப் பம்பு என்று.
அதையும் சொன்னேன்.
மக்காச்சோள மாவில் கிண்டுவது நம்ம களியேதான்,
அதே உருண்டை, அதே குழி,
தொட்டுக்கக் கீரை என்றும் சொன்னேன்.
பின்வரிசையில் யாரோ 'ஸ்தோத்திரம்' என்றார்கள்.
களிக்கா, தெரியவில்லை.

சொல்லாமல் விட்டது:

ஓடாத ஏழாவது பம்பு
எஸ்நாத் வீட்டுக்குப் பக்கத்தில் போட்டது.
நூற்றெண்பது அடியில் பீறிட்ட தண்ணீர்
மூன்றாம் மாதம் நின்றுபோனது.
அவள் மறுபடி ஓடைக்குக் குடம் தூக்கினாள்,
எங்கள் மேல் ஒரு கோபமும் இல்லாமல்.
திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

பேதி கண்டு அவள் கடைக்குட்டி போன அன்று
அவர்கள் பாஷையில் என்னிடம் இருந்தது ஏழெட்டு வார்த்தை:
காலை வணக்கம், உப்பு, எவ்வளவு, நன்றி.
சாவுக்கு ஆகிற ஒன்று இல்லை.
பெண்கள் தரையில் இருந்தார்கள்.
மடங்காத முட்டியை நீட்டிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.
எஸ்நாத் நகர்ந்து வந்து
அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள்.
காலையில் பிள்ளையைப் புதைத்த கை
சாயங்காலம் என் முட்டியைத் தேய்த்துவிட்டது.
'அமாயி' என்றாள்.

அங்கே அம்மா என்று அர்த்தம்.
இங்கே நமக்கு, அம்மாவைப் பெற்றவள்.

போவதற்கு முந்தின நாள் என் மகள் பியூலா
ஓசூரிலிருந்து போனில் அழுதாள்.
ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்
தன் பிள்ளை தானே வளரும் என்றேன்,
ஏதோ சொல்லவேண்டுமே என்று.
'தானே வளரட்டும்மா,
மாசம் ஒன்பதாயிரம் கட்டறேன் டேகேருக்கு' என்றாள்.
பிறகு பதினெட்டு மாதமும்
அப்பாவிடம் மட்டும் பேசினாள்.

இன்றைக்குச் சாயங்காலம்
நல்ல தண்ணி வருகிற நாள்.
குடங்களை வரிசை வைத்து நிற்கையில் வீடியோவில் வந்தாள்.
ஒன்றும் பேசாமல் குழந்தையை முன்னால் நிறுத்தினாள்.
நான் போனபோது பேச்சு வராத பிள்ளை.
'அம்மாயி' என்றது.

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.
எஸ்நாத் வந்து நிற்கிறாள் என்றே உடம்பு நினைத்தது.
'ஏயா' என்று பதிலும் சொல்லிவிட்டேன், அந்த ஊர் ஆமாம்.
குழந்தைக்கு அது பிடித்துப்போயிற்று.
ஏயா ஏயா என்று கட்டிலில் குதித்தது.

உள்ளே இவர் காலண்டர் தாளின் பின்பக்கம்
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்:
'இன்னும் அறுபதடி போயிருக்கோணும்.'
குடம் நிரம்பி வழிந்தது.
பியூலா சிரிக்கவில்லை.
போனை வைக்கவும் இல்லை.