உதறல்

வாரத்தில் ஆறு நாள் மின் மீட்டர் படிப்பவன் நான்.
நவோட்டாஸில், கடல் கேட்காமல் கொள்ளாமல்
உள்ளே வந்து போகும் சந்துகளில்
நாய் பார்த்து, எண் பார்த்து, குறித்துக்கொண்டு
அடுத்த வீடு.
ஏழாம் நாள் கேமராவுக்கு.
அதற்கு இன்னும் நான்கு தவணை பாக்கி.

ஞாயிறுகளில் எடுத்தவை நிறைய.
பள்ளிச் சீருடை சொட்டும் கொடிக்குக் கீழே
மூங்கில் தட்டுகளில் காயும் மீன்கள்.
ஜீப்னிக்குள் யார் யார் கையோ மாறி
ஓட்டுநரிடம் போய்ச் சேரும் சில்லறை.
பிறந்தநாள் நூடுல்ஸை நறுக்கினால்
ஆயுள் குறையும் என்று
நாற்காலி மேல் ஏறி நின்று
முழுசாக இழுத்து உறிஞ்சும் ஒரு சிறுமி.

அப்புறம் மாங் ருஃபோ.
தோளில் காவடி, இரு முனையிலும் அலுமினிய வாளி.
ஒன்றில் ஆவி பறக்கும் இளசான சோயாக் கட்டி,
இன்னொன்றில் பாகும் ஜவ்வரிசியும்.
"தஹோ... ஓ... ஓ..."
முதல் ஓவுக்குப் புரண்டு படுப்போம்,
மூன்றாவதற்குக் குவளை தேடுவோம்.

போன புதன்கிழமை
அவர் வீட்டு மீட்டர் பறந்துகொண்டிருந்தது.
ஒரு பல்பு, ஒரு ரேடியோ,
சோம்பலாய்ச் சுற்றும் சக்கரம் அது.
எண்ணைக் குறித்துவிட்டுத்தான் உள்ளே பார்த்தேன்.
வாடகை விளக்குகள், வாடகை மின்விசிறி,
நடுவில் வெள்ளைப் பெட்டி.

பெட்டிமேல் சட்டத்தில் வாக்காளர் அட்டைப் படம்.
பெரிதாக்கிப் பெரிதாக்கி
முகம் ரவையாய் உதிர்ந்திருந்தது.
மகள் ஜொவெலின் கேட்டாள்:
"உங்ககிட்ட அப்பா படம் இருக்குமே?
மீட்டர்காரன் என்னைப் பிடிச்சுக்கிட்டே இருக்கான்னு
சொல்லிச் சிரிப்பாரே."

அன்றிரவு தேடினேன். பதினேழு படங்கள்.
கரண்டி. வெடித்த குதிகால்.
சுவரில் நீண்டு மடங்கிய காவடி நிழல்.
பாகு ஒட்டிய விரலில் ஐந்து பெசோ.
முதுகு, முதுகு, மழையில் முதுகு.
முன்னால் நின்று எடுத்தது ஒன்றே ஒன்று:
விடியல் வெளிச்சம் பட்டுப் பொன்னாய் எழும் ஆவி,
அதன் பின்னால் அவர்.
அலுவலகப் போட்டியில் அதற்கு இரண்டாம் பரிசு.
ரைஸ் குக்கர் தந்தார்கள்.

அதைத்தான் பெரிதாக அச்சிட்டுப் போனேன்.
ஆலிங் பெர்லிட்டா வாங்கிப் பார்த்தாள்.
புறங்கையால் ஒருமுறை துடைத்தாள்,
ஆவியை.
மறுபடியும் துடைத்தாள்.
பிறகு, "பிஸ்கட் எடுத்துக்கோ, காப்பி ஆறுது" என்றாள்.

வாசலில் சீட்டாட்டம்.
ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கு
அடக்கச் செலவுக்கென்று டப்பாவில் விழுந்தது.
தர்பூசணி விதைத் தொலி கால்மாட்டில் குவிந்தும்
யாரும் கூட்டவில்லை.
பிணம் இருக்கும் வீட்டைக் கூட்டக் கூடாது.
பெட்டியைச் சுற்றி நிற்க வைத்து
எல்லோரையும் எடுக்கச் சொன்னார்கள்.
மூன்று எண்ணினேன்.
பழக்கம்தானே, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

துக்க வீட்டிலிருந்து நேரே வீடு போகக் கூடாது.
கூடவே வருவதை
வழியில் எங்காவது உதறிவிட்டுப் போக வேண்டும்.
பாலத்தடியில் கஞ்சிக் கடை.
இஞ்சி மணக்கும் அரிசிக் கஞ்சி,
பாதி முட்டை, பிழிய ஒரு கலமன்சி.
நான் உதறிவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம்.
மடியில் கிடக்கும் இதை எப்படி உதற?
பதினேழு முறை அவரை உள்ளே விட்டு
ஒருமுறைகூட முகம் பார்க்காத இதை.

கடைக்காரி அகப்பையோடு நின்றிருந்தாள்.
அண்டாவிலிருந்து ஆவி. பின்னால் தெருவிளக்கு.
கை தானாக ஆவியின் பக்கம் போயிற்று.
"அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. மூடியைப் போட்டுட்டு."
"எதுக்கு? கஞ்சி ஆறிடாது?"
"ஆறாது."
தலையை ஒதுக்கிக்கொண்டாள்.
முன்பல் ஒன்று இல்லாததற்காக
வாயை இறுக மூடிக்கொண்டாள்.

பிளாஷ் போட்டேன். கண் சிவந்துவிட்டது.
கையும் உதறிவிட்டது.
எந்தப் போட்டிக்கும் ஆகாத படம்.
பெயர் கேட்டு எழுதிக்கொண்டேன்: மரிவிக்.
ஒரு பிரதி வேண்டுமாம்,
செபுவில் இருக்கும் மகனுக்கு.
கஞ்சிக்குக் காசு வாங்கினாள்,
முட்டைக்கு வாங்கவில்லை.