ஆரஞ்சு நிறக் காதுமூடி

திருவிழாவுக்கு ஹட்டனிலிருந்து அன்ரன் வருவான்,
லொறி நிறையப் பெட்டியோடு.
போன வருஷம் நாலு.
மேல்கணக்கில் ஆறு வைத்தார்களாம்,
"நாம என்ன குறைஞ்ச ஆளா?" என்றார் தலைவர் செல்லமுத்து.
ஆக, எட்டு.
தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு
செக்ரோலில் பிடித்தாயிற்று.

எட்டில் இரண்டு
எங்கள் லயத்து வாசலைப் பார்த்து நின்றன.
முதலில் தகரம் அதிர்ந்தது.
பிறகு அலுமினியச் சட்டிகள்.
பிறகு புவனேஸ் ஊற்றி வைத்த பிளேன்டீயில்
வட்டம் வட்டமாய் ஒரு நடுக்கம்.
அதைப் பார்த்துச் சிரித்தாள் லக்சிகா.
மூன்றாவது வட்டத்தில் சிரிப்பை நிறுத்தினாள்.

இரண்டு வயது முடிய இரண்டு மாதம் இருக்கிறது.
காதைப் பொத்திக்கொள்ள அவளுக்கு இன்னும் தெரியாது.
தலையை என் தோளில் தேய்த்தாள்.
ஒரு காது தோளில் புதைந்தால்
மற்றது திறந்து கிடக்கிறது.
உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன்.
கையும் அதிர்ந்தது.

எனக்கு இது பழக்கம்.
பதினோரு வருஷம் ஸ்டோரில்
ரோலருக்குப் பக்கத்தில் நின்றவன்.
இடது காதில் ஒரு சில்வண்டு குடியிருக்கிறது,
ராத்திரியிலும் வாயை மூடாது.
அது எந்த நாள் உள்ளே வந்ததென்று தெரியாது;
வலித்திருந்தால் தெரிந்திருக்கும்.
அந்தப் பக்கம் நின்று புவனேஸ் எதைச் சொன்னாலும்
ஆமாம் என்று சொல்லிவைப்பேன்.
அப்படித்தான் ஒரு தடவை
ஆட்டுக்குட்டியை விற்கச் சம்மதித்திருக்கிறேன்.

பிற்பாடு கம்பெனி காதுமூடி கொடுத்தது,
ஆரஞ்சு நிறத்தில், ஆளுக்கொன்று.
சுவரில் படம் ஒட்டினார்கள்.
போடாதவனுக்கு அரைப்பேர்.
ஸ்டோருக்குள் என் காதுக்கு அவ்வளவு சட்டம்.
ரோலரில் வேலை செய்யாத பிள்ளைக்கு
எந்தச் சுவரில் படம் ஒட்டுவது?

அன்ரனிடம் போய்க் கத்தினேன்.
அவனும் கத்தினான்.
குமிழை இடப்பக்கம் திருப்புவதுபோல் காட்டினேன்;
எதிரே நின்றவனுக்கு அது வலப்பக்கம்.
கட்டைவிரலை உயர்த்திவிட்டு
இன்னும் கூட்டினான்.

ஸ்டோருக்கு ஓடினேன்.
காவல்காரன் கேட்டான், "இன்னிக்கி என்ன வேலை?"
"ஓவர்டைம்" என்றேன்.

மூடி அவள் தாடை வரைக்கும் இறங்கிற்று.
உச்சியில் ஒரு காலுறையை மடித்து வைத்து
புவனேஸ் தன் தலைத்துண்டால் இறுக்கிக் கட்டினாள்.
"பிள்ளைக்குப் பேர் போட்டாச்சா?"
லயமே சிரித்தது.
சிரிக்கட்டும். அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள்,
வாய்கள் மட்டும் திறந்து மூடும் வேடிக்கையாக.

என்றாலும் நெஞ்சில் இடிப்பதை எந்த மூடி தடுக்கும்?
தூக்கிக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன்.
கவ்வாத்து வெட்டிய இடத்தில் உட்கார்ந்தோம்.
கீழே கோயில் ஒரு தீப்பெட்டியளவு வெளிச்சம்.
வாணம் முதலில் பூத்தது,
சத்தம் பிறகு நடந்து வந்தது,
வழியில் களைத்துப்போய்.
அப்போது மூடியைக் கழற்றினேன்.

தவளை. பீலித் தண்ணீர்.
தூரத்தில் தப்பு.
இவ்வளவு தூரத்தில்தான் அது அவளுக்குத் தப்பாகக் கேட்டது போல;
இருந்த இடத்திலேயே தோளை ஆட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு டோர்ச் ஏறி வந்தது.
தெய்வானை, பிறந்து மூன்று மாதப் பிள்ளையோடு.
பின்னால் இன்னொரு டோர்ச்.
யாரும் திருவிழாவைக் குறை சொல்லவில்லை.
"இங்க காத்து நல்லாருக்கு" என்றார்கள்.
பிள்ளைகளின் காதில் இருந்த கையை
ஒவ்வொருத்தராய் எடுத்தார்கள்.

லக்சிகா என் கழுத்தைப் பிடித்து எழுந்து
இடது காதில் ஏதோ சொன்னாள்.
ஆமாம் என்றேன்.
காத்திருந்தாள்.
மறுபடியும் சொன்னாள், மூச்சின் சூடு மட்டும் பட்டது.
அவளைத் தூக்கி
வலப்பக்கம் மாற்றிக்கொண்டேன்.

"தண்ணி" என்றாள்.