நாலாயிரத்து அறுநூறு

ஆர்ஹுஸ் மருத்துவமனை, ஏழாம் மாடி.
பிறந்தபோது எடை? என்று கேட்கிறேன்.

"நாலாயிரத்து அறுநூறு கிராம்."
சொன்னதும் ராங்ஹில்டின் முகத்தில்
பழைய பெருமை ஒன்று எட்டிப் பார்த்து
இடம் தவறி வந்ததுபோல் திரும்பிவிடுகிறது.
அன்று தராசைப் பார்த்துத் தாதிகள் கைதட்டினார்களாம்.
மாமனார் அந்த எண்ணைத் தம் மீன்படகில்
வெள்ளைச் சாயத்தால் எழுதினாராம்.

எக்ஸ்ரே? இல்லை.
புகை? இல்லை.
பெயின்ட்?
"ஏழாம் மாதம். தொட்டிலுக்கு. மஞ்சள்."
சற்றுப் பொறுத்து,
"ஜன்னல் திறந்துதான் இருந்தது."

ஜன்னலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்.

"என்னாலயா?"

ஆயிரம் தாய்மாரைக் கூட்டினால் லேசாய் ஒரு சாய்வு தெரியும்,
ஒருத்தியிடம் ஒன்றும் தெரியாது.
மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன்,
மூன்றும் எண்ணாகவே வருகின்றன.

மொட்டைத் தலை ஆஸ்கர்
கட்டிலிலிருந்து என் பேனாவுக்குக் கை நீட்டுகிறான்.
கொடுத்துவிடுகிறேன்.
இன்னும் பதினாறு கேள்விகள் இருக்கின்றன.