ஆளுக்கொரு பொய்

ஒவ்வொரு டாக்டரிடமும்
ஒரு பொய்யை விட்டுவிட்டு வருவேன்.
ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்வதில்லை.
எந்தப் பொய் என் வீட்டுக்கு வந்து சேருகிறதென்று
பார்ப்பதற்காக.

மஞ்சக்குப்பத்துக்காரரிடம் சொன்னது:
ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, தை பிறந்ததும் போகிறேன்.
நான்காம் நாள்
பெரியப்பா சைக்கிளை நிறுத்தாமலே கேட்டார்,
"ஓசூர்ல ரொம்பக் குளிருமாமே?"
டாக்டரிடம் சொன்ன உண்மையும்
அதே கேரியரில்தான் வந்திருக்கும்.
அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.
அம்மா மட்டும் அன்று சோறு போட்டுவிட்டு
எதிரே உட்காராமல் எழுந்து போனாள்.

திருப்பாதிரிப்புலியூரில்
பொய் சொல்ல நேரமே கிடைக்கவில்லை.
ஆதாரைப் பார்த்துப் பழைய பெயரை
மூன்று தரம் கத்தினாள் டோக்கன் கொடுக்கிற பெண்.
மீசை அரும்பிய நான் எழுந்தேன்.
காய்ச்சல்காரர்கள் ஒரு நிமிடம் காய்ச்சலை மறந்தார்கள்.
உள்ளே, "கல்யாணம் ஆனா சரியாயிடும்மா."
யாரோடு என்று கேட்டேன்.
இருநூற்றைம்பது ரூபாய். மீதி சில்லறை இல்லையாம்.

பாண்டியில், கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே,
ஏசி அறை, ஆயிரத்து ஐந்நூறு, முழுக்க இங்கிலீஷ்.
நல்லவர்தான் போல.
ஆனால் அவர் கேள்விகள் எல்லாம்
என் கால்களுக்கு நடுவிலேயே நின்றுகொண்டிருந்தன.
தூக்கம் வருகிறதா என்று ஒன்றுகூட இல்லை.
நான் போனதே தூக்கம் வராமல்.

நெல்லித்தோப்பு ஆல்பர்ட்டா அக்கா
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்திருக்கிறாள்.
பதினொரு பெயர். ஒன்பதில் அடித்தல்.
அடித்தலுக்குப் பக்கத்தில் காரணம்:
"சிரிச்சான்."
"சாமியார்கிட்ட அனுப்பினான்."
"அம்மாவுக்கு போன் போட்டான்."
பத்தாவதில், "செத்துட்டார், பாவம், நல்ல மனுஷன்."
பதினொன்றுக்கு எதிரே ஒன்றும் இல்லை.
"இன்னும் தெரியலடா. நீ போய்ப் பாத்துட்டு எழுது."

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடி. ஹம்சவேணி.
டோக்கனில் எண் மட்டும்.
"ஏழு" என்றார்கள். ஏழாக எழுந்து போனேன்.
அவர் வாயிலும் ஒரு "ம்மா" வந்துவிட்டது.
"தப்பு. செழியன்" என்றார்.
மன்னிப்பை நீட்டி முழக்காமல்
அடுத்த கேள்விக்குப் போனார்.
ஊசி பற்றிக் கேட்டேன்.
"எனக்குத் தெரியாது. படிச்சுட்டு சொல்றேன்."
அடுத்த வாரம் படித்திருந்தார்.

அதனால் அவருக்குக் கொஞ்சம் பெரிய பொய்யாகவே கொடுத்தேன்:
ராத்திரியில் மாமாவோடு படகில் கடலுக்குப் போகிறேன்,
நீச்சல் தெரியாது, பயமாயிருக்கிறது.
(முதுநகர் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவன் நான்.
மாமா என்று எனக்கு யாரும் கிடையாது.)

ஒன்பது வாரம்.
திரும்புகிற பஸ்ஸில் முள்ளோடையில் போலீஸ் ஏறும்,
பாட்டில் தேடிப் பைகளை அமுக்கும்.
என் பையில் மாற்றுச் சட்டை, வேர்க்கடலை.
பெரியப்பாவின் சைக்கிளில் படகு வரவே இல்லை.
அம்மா கடல் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

பத்தாம் வாரம் சொல்லிவிட்டேன்.
மாமா பொய். படகு பொய். ஓசூரும்.
ஆடாமல் இருக்க மேசைக் காலடியில் மடித்துவைத்த
மருந்துக் கம்பெனி அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் பேனாவை மூடினார்.
"ஐப்பசில துறைமுகத்துல மூணாம் நம்பர் கூண்டு ஏத்துனாங்கல்ல,
அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல."
அப்புறம் சிரித்தார்.
"நல்லவேளை, படகு இல்ல."

என் பொய் ஒன்று
யாரோ ஒருவர் வீட்டில் விழித்துக் கிடந்திருக்கிறது,
வாசலைத் தாண்டாமல்.

ஆல்பர்ட்டா அக்கா தாளையும் பேனாவையும் நீட்டினாள்.
பதினொன்றுக்கு எதிரே "தூங்கலயாம்" என்று எழுதினேன்.
"யாரு, நீயா, அவங்களா?"

நீச்சல் தெரியாது என்பது மட்டும் அதில் நிஜம்.
அதை இன்னும் சொல்லவில்லை.