ஆள் கூலி

புளியரையில், எஸ் வளைவு ஏறும் முன்
எல்லா லாரியும் எங்கள் மேடையில் நின்று மூச்சு வாங்கும்.
வைக்கோல், எம்-சாண்ட், கறிக்கோழி,
ஓணத்துக்கு முந்திய வாரம் முழுக்கச் சுரண்டை வெள்ளரி.
தங்கபுஷ்பம் எடைமேடை, அறுபது டன்.
பலகையில் இருப்பது அம்மா பேர்.
கண்ணாடித் தடுப்புக்குள் இருப்பது நான்,
ஏழு வருஷமாக.

பெண் பார்க்க வந்தவர்கள் சம்பளம் கேட்டபோது
அம்மா சொன்னாள்,
"அவ கடைதான, அவளுக்கு எதுக்குச் சம்பளம்?"
அதே வாரம் பேங்க் மேனேஜரிடம்,
"என் கடை சார். பிள்ளை சும்மா ஒத்தாசைக்கு."

போன செவ்வாய் விடாத சாரல்.
மேடையில் தேங்கிய தண்ணீருக்கும் டயர் கொட்டிய சேற்றுக்கும்
ஜீரோ அடிக்க மறந்துபோனேன்.
சாயங்காலம் புனலூர் பார்ட்டி போனில் கத்தினான்:
நாற்பது கிலோ வைக்கோல் குறைகிறது.
சீட்டுக்கு நின்ற டிரைவர்கள் முன்னால்
அம்மா சொன்னாள்,
"நாளையிலருந்து நீ வரவேண்டாம்."

அவள் உள்ளே போனதும்
பத்தனாபுரம் ஷிஜு குரலைத் தாழ்த்தினான்.
"கொட்டாரக்கரையில எங்க அளியன் மேடை வெச்சிருக்கான் சேச்சி.
இருபத்திரண்டாயிரம். ஞாயிறு லீவு.
இந்த மாதிரி முதலாளிகிட்ட எதுக்குக் கெடக்கணும்?"
அம்மா என்று சொல்ல வாய் எடுத்தேன்.
சொல்லவில்லை.
கூலிக்காரி என்று என்னை ஒருவன் நம்பியது
எவ்வளவு நன்றாக இருந்தது.

எட்டரைக்கு ஷட்டர் இறக்கினோம்.
வேலை போனவள் ஸ்கூட்டர் ஓட்ட
வேலையை விட்டு நிறுத்தியவள் பின்னால் ஏறி
என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.
செங்கோட்டை வரை பேச்சில்லை.
அப்புறம், "பரோட்டா வாங்கிக்கோ. நாலு.
சால்னா தனியாக் கட்டச் சொல்லு."
காலை அஞ்சு மணிக்குக் கதவைத் தட்டினாள்.
"மேடை கழுவணும், எழும்பு."

அன்று செலவு நோட்டில்
டீ நாற்பது, பிரிண்டர் ரிப்பன் இருநூற்றிப் பத்து,
இவற்றுக்குக் கீழே
வாரம் ஒருமுறை சாக்கடை தள்ளும் பையனைத் தவிர
எவர் பேரும் ஏறாத ஆள் கூலிப் பத்தியில்
நீல மையில் எழுதினேன்:
ஜெபராணி, மாசம், 22,000.

சனிக்கிழமை கணக்கு.
கண்ணாடியைச் சேலையில் துடைத்துப் போட்டு
விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தவள்
அங்கே நின்றாள்.
"யார் சொன்ன கணக்கு இது?"
"கொட்டாரக்கரை ரேட்டு."
வெளியே ஒரு வைக்கோல் லாரி ஆரன் அடித்தது. இன்னொரு முறை.
அம்மா என் பேனாவை வாங்கவில்லை,
தன் கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி
என் வரிக்குக் கீழே எழுதினாள்:
கழிவு, நாற்பது கிலோ வைக்கோல்.

பிறகு,
"ஜீரோ அடிச்சியா?" என்றாள்.

எட்டி அழுத்தினேன்.